காத்துல ஓடுற கப்பியும் அம்மா தொடுற தகடும்

இந்த மாதச் சுவர் இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தமிழ் ஐயா சொன்னார். "எனக்குக் கவிதை வராது ஐயா" என்றேன். "அப்போ உங்க வீட்டுல நடந்ததை எழுது" என்றார். எழுதிவிட்டேன். கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்காதீர்கள்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, வளைகுடா நாட்டில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஃபிட்டராக இருக்கிறார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் பாட்டி, "ஏதோ சங்கிலியத் தொடச்சி வைக்கிற வேலை" என்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

வைகாசியில் மாமா லீவுக்கு வந்திருந்தார். அப்போது பக்கத்துத் தோட்டத்தில் கிணத்து மோட்டாரைத் தூக்கினார்கள். முக்காலி போட்டு, செயின் பிளாக் மாட்டி எல்லாம் ரெடி. மாமா சும்மா வேடிக்கை பார்க்காமல் கிட்டே போய்க் கொக்கியின் வாயை விரலால் அளந்தார். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, கொக்கி வாய் விரிஞ்சிருக்கு. நாக்கும் இல்ல. மாத்திட்டுத் தூக்குங்க" என்றார். "பத்து வருசமா இதுலதான்யா தூக்குறோம்!" என்று எல்லோரும் சிரித்தார்கள். மோட்டாரும் நல்லபடியா மேலே வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன்.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் படுத்திருந்தோம். "கொக்கியப் பாத்தே சம்பளம் வாங்குறியாக்கும்?" என்று அம்மா கேலி செய்தார். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. அவருடைய மெஷினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அதன் பெயர் ஏர் ஹாய்ஸ்ட். நம்ம செயின் பிளாக் மாதிரிதான், ஆனால் கையால் இழுக்க வேண்டாம். காற்றில் ஓடும்! கம்ப்ரசர் தூரத்தில் இருக்கும். அங்கிருந்து குழாய் வழியாகக் கிட்டத்தட்ட 6 பார் அழுத்தத்தில் காற்று வரும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார் என்று இயற்பியலில் படித்திருக்கிறோமே, அதைப் போல ஆறு மடங்கு. அந்தக் காற்று மோட்டாரைச் சுற்ற, சங்கிலி மேலே ஏறும். கரண்ட் மோட்டார் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ பட்டாசு ஊர்ப் பிள்ளதான? நீயே சொல்லு" என்றார்.

தீப்பொறி! சுத்திகரிப்பு ஆலையில் எரியும் வாயு எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சாதாரண கரண்ட் சுவிட்சில் ஒரு பொறி வந்தாலே போதும். நிலக்கரிச் சுரங்கத்திலும் மீத்தேன் வாயு இருப்பதால் இதே கதைதான். ஜெர்மனியில் சுரங்கங்கள் நிறைந்திருந்த ரூர் பகுதியில், விட்டன் என்ற ஊரில் நொய்ஹவுஸ் என்ற கம்பெனி 1745இல் தொடங்கியதாம். காற்றில் ஓடும் ஹாய்ஸ்டுக்கு அது பேர் போனது. 1745 என்றால் கட்டபொம்மன் பிறப்பதற்கும் முன்னால்!

காலையில் ஷிப்ட் தொடங்கும்போது மாமா முதலில் ஃபில்டரில் தேங்கிய தண்ணியைத் திறந்துவிடுவார். காற்றோடு தண்ணி உள்ளே போனால் மோட்டார் துருப்பிடிக்கும். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்ப்பார். காற்றோடு சொட்டுச் சொட்டாக எண்ணெயும் கலந்து போனால்தான் மோட்டார் தேயாமல் ஓடும். ஓஸ் குழாயில் 'உஸ்' என்று கசிவு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அப்புறம் கொக்கி, நாக்கு, சங்கிலி. அவருடைய மெஷினில் பதினொரு கண்ணியைச் சேர்த்து அளந்து, புதுச் சங்கிலியைவிட 2 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றிவிட வேண்டுமாம். 300 மில்லிமீட்டர் என்றால் 6 மில்லிமீட்டர். ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை! வெல்டு வைத்து ஒட்டும் வேலையெல்லாம் கிடையாது. கடைசியில் பாரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார். காற்று நின்றுபோனால் ஸ்பிரிங் வந்து பிரேக்கை அழுத்திக்கொள்ளும். அதனால் பாரம் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும்.

"நிக்கலைன்னா?" என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், டீ குடித்துக்கொண்டே செக் லிஸ்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டாராம். மெஷின் பக்கமே போகவில்லை. அன்று மத்தியானம் தூக்கிய வால்வு, நிறுத்திய இடத்தில் நிற்காமல் ஒரு சாண் இறங்கிவிட்டது. பிரேக் தேய்ந்து போயிருந்தது. கீழே இருந்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஒரு சாண்தான் தாயி. ஆனா அந்தாளு கை அந்த ஒரு சாணுக்குள்ளதான இருந்துச்சு" என்றார். அதை அவர் பாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

காற்றில் ஓடுகிறது என்பதால் பொறியே வராது என்று நினைத்துவிடக் கூடாதாம். துருப்பிடித்த இரும்பு அலுமினியத்தில் உரசினாலும் பொறி பறக்கும். அதனால் சில இடங்களில் கொக்கிக்குத் தாமிரம் பூசியிருப்பார்கள். வேகமாக ஓடும் காற்றாலும் குழாயில் நிலைமின்சாரம் சேரும். தலை வாரிய சீப்பில் பேப்பர்த் துண்டு ஒட்டுமே, அதேதான். அதனால் மெஷினிலிருந்து தரைக்கு எர்த் வயர் போகிறதா என்றும் பார்ப்பார்.

இதைக் கேட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பயர் ஆபீஸில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறார். அவர்களுக்கும் பருத்திச் சேலைதான், இரும்புச் சாமான் கூடாது, ரூமுக்குள் நுழையும் முன்னால் வாசலில் இருக்கும் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அந்தத் தகடு வழியாகத் தரைக்குப் போய்விடும். "எத்தனையோ வருசமா சாமி படியத் தொடுற மாதிரி தொட்டுட்டுப் போறேன்" என்றார்.

மாமா கேட்டார்: "யக்கா, அந்தத் தகட்டுக்குக் கீழ வயர் இருக்கா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அப்போது நான் கைக்குழந்தை. அந்தச் சத்தத்தை அம்மா இன்னும் சொல்வார். அன்று ராத்திரி அதைச் சொல்லவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் தகட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாராம். வயர் இருந்தது. ஆனால் போல்ட் துருப்பிடித்து, கழன்று தொங்கிக்கொண்டிருந்தது! போர்மேனிடம் சொன்னார். "இத்தன நாளா ஒண்ணும் ஆகலையேம்மா" என்று முதலில் சிரித்திருக்கிறார். எனக்குத் தோட்டத்து ஆட்கள் ஞாபகம் வந்தார்கள். நானும் ஞாபகம் வந்தேன். அம்மா விடவில்லை. வயர் மாட்டுகிற வரைக்கும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கூட இருந்த மூன்று பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்குள் புது போல்ட் வந்தது. மற்ற ரூம் தகடுகளையும் அன்றே பார்த்தார்களாம்.

இப்போது அம்மாவுக்கு அங்கே 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பட்டப்பெயர். மாமா திரும்பிப் போய்விட்டார். போன் செய்தால், "தகடு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கிறார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கதவு ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க வந்தவர், அழகா இருக்கட்டுமே என்று தகட்டுக்கும் சேர்த்து அடிக்கப் போனாராம். அம்மா ஓடிப்போய் பிரஷ்ஷைப் பிடுங்கிவிட்டார்.

– பதினோராம் வகுப்பு மாணவி