கோழிக்கு வேர்க்காது!

ராத்திரி பதினொன்றே கால் மணி. லாஸ் சாண்டோஸ் நகரத்தில் நாலு போலீஸ் கார்கள் என்னைத் துரத்திக்கொண்டிருந்தன. ஹெட்போனில் ஓசூர் நண்பன், "லெஃப்ட்ல வெட்டுடா... லெஃப்ட்ல வெட்டு!" என்று அலறுகிறான். வெட்டினேன். கார் வெட்டவில்லை. படம் நின்றது... நகர்ந்தது... மறுபடி நின்றது. கூட்டம் ஏற்றிய ராசிபுரம் டவுன் பஸ் மாதிரி முக்கி முனகியது. லேப்டாப்புக்குள் இருக்கும் குட்டி ஃபேன் 'ஙொய்ய்ய்...' என்று உயிரைக் கொடுத்துச் சுற்றுகிறது.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா புரண்டு படுத்தார். "ஏங் கண்ணு, லாரி ஏதாச்சும் மேடு ஏறுதா?"

அடுத்த விநாடி திரை கறுப்பு. எல்லாம் அவுட். போலீஸ் என்னைப் பிடிக்கவில்லை சார். வெயில் பிடித்துவிட்டது!

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். வேலை சேலத்தில், லாரிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில். ஊரார் கட்ட வேண்டிய தவணைக்கு போன் போட்டு நச்சரிக்கிற நானே, பதினெட்டு மாதத் தவணையில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியவன். காலை ஏழரைக்கு பஸ், ராத்திரி எட்டுக்கு பஸ், நடுவில் மேனேஜர். எனக்கென்று ஒரு நாளில் மிஞ்சுவது ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். ஓசூர் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கும் கல்லூரி நண்பனோடு நாலு வார்த்தை பேசக் கிடைப்பதும் அப்போதுதான். கல்யாணம் ஆகாத பயல்கள் அந்த நேரத்துக்கு வேறு எங்கே போவது?

அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் கத்திரி வெயில் வேட்டு வைத்தது.

1997-ல் நாமக்கல்லைச் சேலத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். வெயிலைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். ஏப்ரல், மே வந்தால் இரண்டு ஊரிலும் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட், சர்வ சாதாரணம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த நாமக்கல் மலைப் பாறை, ராத்திரி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் மேல் துப்பும். எங்கள் வீட்டு சிமெண்ட் ஷீட் கூரைக்கும் அதே குணம். ராத்திரி பத்து மணிக்கு என் அறையில் தெர்மாமீட்டர் 36 காட்டியது. அந்த 36 டிகிரிக் காற்றைத்தான் லேப்டாப் ஃபேன் உறிஞ்சி உள்ளே ஊத வேண்டும். காய்ச்சல்காரனுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி!

பல இன்டெல் லேப்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லைக்கோடு. தண்ணீர் கொதிக்கிற சூடு. கோட்டைத் தொடப் போகிறோம் என்று தெரிந்ததுமே பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் படம் டவுன் பஸ் ஆகிறது. அதற்கும் அடங்கவில்லையென்றால் மொத்தமாக அணைந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். என்னுடையது 98-ல் நின்றுகொண்டிருந்தது.

வைத்தியம் ஆரம்பித்தேன்.

முதலில் நாலு சோடா மூடியை லேப்டாப்பின் பின்பக்கம் முட்டுக் கொடுத்தேன். இரண்டு டிகிரி குறைந்தது. பரவாயில்லை, காசில்லாத வைத்தியம்.

அடுத்தது, ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் லேப்டாப்பின் அடிவயிறு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். லேப்டாப்புக்கு வேர்த்துவிட்டது! உள்ளே ஒரு சொட்டு போயிருந்தால் பாக்கி பதினோரு தவணையும் கோவிந்தா. அலறியடித்துத் துடைத்தேன்.

மூன்றாவது, தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு கூலிங் பேட். நீல விளக்கு ஜோராக எரிந்தது. சூடு அப்படியே இருந்தது.

நாலாவது வைத்தியத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன். அது அப்பாவுடையது. சீலிங் ஃபேன் கூரைச் சூட்டைத்தான் இறக்கித் தருகிறது என்று அவர் வாசலில் கட்டில் போட்டு, டேபிள் ஃபேனைக் கால்மாட்டில் வைத்துத் தூங்குவார். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எடுத்துக்க கண்ணு. வாசல்லதான் காத்து வருதே" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "லேப்டாப்புக்கு ஃபேனு, பெத்தவனுக்கு பேப்பர் விசிறி! நல்லா இருக்குடா நாயம்!"

நான் காதில் விழாத மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். 98 இருந்தது 93 ஆனது. எனக்குப் பரம சந்தோஷம். வாசலில் பேப்பர் விசிறுகிற சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா ஒரு தூக்குப்போசியில் மோரை ஊற்றி, "அப்பாகிட்டக் குடுத்துட்டு வா" என்று என்னை விரட்டினார். அப்பா பக்கத்து ஊர்க் கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். முட்டைக் கோழிகள். ஒரு ஷெட்டுக்குப் பத்தாயிரம். சின்ன வயதில் போனது. அந்த வாடை சட்டையில் ஒட்டும் என்று பல வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

மணி இரண்டு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஷெட் கூரையில் சுண்ணாம்பு அடித்து, மேலே குழாய் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கூண்டு. எல்லாக் கோழியும் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, 'ஹா... ஹா...' என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பத்தாயிரம் மூச்சு! ராத்திரி என் லேப்டாப் போடுகிற அதே சத்தம்.

அப்பா தலையில் ஈரத்துண்டோடு, ஒரு நீளக் குச்சியால் பக்கவாட்டுக் கம்பி வலையில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெயில்ல இது எதுக்குங்கப்பா?"

"வலைக் கண்ணுல தூசியும் இறகும் அடைச்சுக்குச்சுன்னா காத்து எப்படிடா உள்ள வரும்? கோழிக்கு நம்மளாட்டம் வேர்க்காது கண்ணு. அதோட ஒடம்பே 41 டிகிரி. சூடு வெளிய போறதுக்கு இருக்கறது அந்த மூச்சும் காத்தும்தான். மூச்சு வாங்கி வாங்கியே முட்டை ஓடு மெலிசாப் போயிரும். இன்னும் ஏறுச்சுன்னா பொத்துனு விழுந்துரும்."

"அப்ப தண்ணியை அது மேலயே நல்லா அடிச்சு விட்டா?"

சிரித்தார். "காத்து ஓடாம தண்ணி மட்டும் அடிச்சீன்னா உள்ள புழுங்கிப் போயிரும். வெந்த மாதிரிதான். காத்துதான் மொதல்ல."

எனக்கு ஐஸ் கட்டித் துண்டு ஞாபகம் வந்தது.

தீனித் தொட்டி காலியாக இருந்தது. அதையும் கேட்டேன்.

"வெடியால அஞ்சு மணிக்கு ஒருக்கா, பொழுது தாழ ஒருக்கா. உச்சி வெயில்ல தீனி போடக் கூடாது. தின்னது செரிக்கறப்ப ஒடம்புக்குள்ளாற சூடு கெளம்பும். வெளிய இருக்கற வெயில நாம என்ன பண்ண முடியும்? உள்ள கெளம்பற சூட்டக் கொறைக்கலாமில்ல?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வாரமாக நான் வெளியிலிருந்து சூட்டை விரட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளே ஏன் இவ்வளவு சூடு கிளம்புகிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் அப்பா வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு பொசுக்கென்று கீழே உட்கார்ந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. கை லேசாக நடுங்கியது. மோரைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"என்னங்கப்பா பண்ணுது?"

"ஒண்ணுமில்லே கண்ணு. நாலு நாளா ராத்திரி சரியாத் தூக்கமில்லே. வாசல்ல காத்தே இல்ல பாரு, அதான்..."

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. 'வாசல்லதான் காத்து வருதே' என்று என்னிடம் சொன்னதையே மறந்துவிட்டார். மறந்தே போனதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பத்தாயிரம் கோழிக்கும் காற்று வருகிறதா என்று குச்சியோடு சுற்றுகிற மனிதரின் காற்றைப் பிடுங்கி நான் கார் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி டேபிள் ஃபேன் அப்பாவின் கால்மாட்டுக்குத் திரும்பியது. லேப்டாப்பைத் திறக்கவில்லை. "என்னடா, ஊருக்குப் போயிட்டியா?" என்று ஓசூரான் மெசேஜ் அனுப்பினான். "ஊர்லதான்டா இருக்கேன்" என்று பதில் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை லேப்டாப்பைச் சேலத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பையன் அடிமூடியைக் கழற்றினான். உள்ளே தட்டையாக ஒரு செப்புக் குழாய். அதற்குள் துளியூண்டு தண்ணீர் இருக்குமாம். பிராசஸர் பக்கம் ஆவியாகி, ஃபேன் பக்கம் போய்க் குளிர்ந்து, மறுபடி தண்ணீராகித் திரும்பி வருமாம். அந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ள, சீப்புப் பல் மாதிரி நெருக்கமான தகடுகள். அந்தத் தகடுகளுக்கு முன்னால் கம்பளி மாதிரி ஒரு தூசிப் படலம் அடைத்துக்கொண்டு நின்றது. சாம்பல் நிறம், கூடவே மக்காச்சோள மாவு மாதிரி மஞ்சள். நடுவில், ஒரு சின்னஞ்சிறு வெள்ளை இறகு!

பையன் இடுக்கியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "அண்ணே, கோழிப் பண்ணைக்குள்ள உக்காந்தா விளையாடுறீங்க?"

அப்பாவின் சட்டை என் அறைக் கொடியில்தான் தொங்கும். சொல்லவில்லை.

தூசியை ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டான். காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் ஃபேன் போய்விடுமாம். பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான். அறுநூறு ரூபாய். அது ஒட்டடை அடித்த கணக்கு.

பாக்கி தீனிக் கணக்கு. அதை நானே செய்தேன். விளையாட்டு விநாடிக்குத் தொண்ணூறு, நூறு படம் என்று தள்ளிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. 60-ல் கட்டினேன். அடுத்து, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' 100 சதவீதம் என்று இருந்ததை 99 ஆக்கினேன். ஒரே ஒரு சதவீதம்தான். ஆனால் பல லேப்டாப்புகளில் அதைச் செய்தால் 'டர்போ' என்கிற அவசர வேகம் நின்றுவிடும். (சில மெஷின்களில் இந்த வசதி மறைந்திருக்கும், தேட வேண்டும்.) அந்தக் கடைசி வேகத்தைத் தொட பிராசஸருக்கு வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். வோல்டேஜ் ஒரு பங்கு ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். எண்பதில் போகிற லாரியை நூறில் விரட்டினால் டீசல் எப்படிக் குடிக்கும் என்று எங்கள் ஆபீஸுக்கு வருகிற டிரைவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சோடா மூடிகளை மட்டும் எடுக்கவில்லை. பண்ணைக் கூண்டுகளையும் தூண் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தித்தானே கட்டியிருக்கிறார்கள்!

அன்று ராத்திரி பத்து மணி. அறையில் அதே 36 டிகிரி. டேபிள் ஃபேன் கிடையாது, ஐஸ் கிடையாது. முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தேன். 81! போலீஸ் கார்களுக்கு டாட்டா காட்டிவிட்டு மலைமேல் ஏறி நின்றோம். ஓசூரான், "ஏன்டா, உன் பக்கம் ஏரோப்ளேன் சத்தமே கேக்கலையே" என்றான். வாசலிலிருந்து டேபிள் ஃபேன் ஓடும் சத்தமும், அதற்குத் தாளம் போட்ட மாதிரி அப்பாவின் குறட்டையும் கேட்டன. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'இவ்வளவு கதை எதற்கு? இன்னொரு ஃபேன் வாங்கித் தொலைத்திருக்கலாமே' என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. வாங்கினேன் சார். சம்பளம் வந்த அன்றே, சேலத்தில், உயரமான ஸ்டாண்ட் ஃபேனாகப் பார்த்து வாங்கி, பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்று வேகத்தையும் போட்டுப் பார்த்தார். "ஜம்முனு இருக்குது கண்ணு" என்றார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வருகிறேன், ஃபேனைக் காணோம்! கால்மாட்டில் பழைய டேபிள் ஃபேன்தான் 'கடகட' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"புது ஃபேன் எங்கீங்கப்பா?"

அப்பா தலையைச் சொறிந்தார்.

"பண்ணைல, சொணங்கிப் போன கோழிகள ஒரு ரூம்ல தனியா விட்டிருக்கம்டா. அங்கே வெச்சிருக்கேன், வெயில் முடிஞ்சதும் எடுத்துட்டு வந்தர்றேன். நமக்கென்ன கண்ணு, வேர்த்துக்குவோம். அதுங்களுக்கு வேர்க்காதில்ல!"