கேழ்வரகுக் கொல்லையும் களிற்றின் கணக்கும்

பென்னாகரம் காட்டை ஒட்டியது எங்கள் கொல்லை. கேழ்வரகு கதிர் முற்றும் நாள்களில், இஷாத் தொழுகை முடித்ததும் அத்தா பரண் ஏறிவிடுவார். ஓரிரவு, தகரம் தட்டியும் தீப்பந்தம் காட்டியும் அசையாமல் மூன்று கொம்பன்கள் ஒருசேர நின்று, ஆண்டுணவு முழுவதையும் மிதித்தும் தின்றும் தீர்த்தன. “தனித்துத் திரிபவன் கூட்டாளி சேர்த்து வருகிறானே!” என்று அத்தா வியந்தார். மறுநாள் அண்ணன் கம்பிச்சுருளுடன் வந்தார். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது அவர் எண்ணம். அத்தா கண்டிப்பாக மறுத்துவிட்டார். அன்று எனக்கு அண்ணன் பக்கமே நியாயம் தோன்றியது, மறைப்பானேன்?

அத்தாவின் வியப்புக்கு விடையைப் பிற்காலத்தில்தான் நூல்களில் கண்டேன். விலங்கின் செயல்களை உற்றுநோக்கி எழுதும் மரபு நமக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பஸ்ராவின் அல்ஜாஹிழ் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூல் யாத்தார். காரணம் தேடும் அறிவியலாக அது வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். லோரன்சு, டின்பெர்கன், ஃபிரிஷ் மூவரும் 1973இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு நடத்தை உயிர் பிழைக்கவும் வழித்தோன்றல் பெருகவும் எவ்வாறு உதவுகிறது என்பது டின்பெர்கன் எழுப்பிய வினாக்களுள் ஒன்று.

அவ்வினாவை யானையிடம் எழுப்பியவர் பேராசிரியர் இராமன் சுகுமார். 1980களில் சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் ஆய்ந்த அவர், பயிரை மேய வருவனவற்றுள் களிறுகளே மிகுதி எனக் கண்டார். பருவமெய்திய களிறு தாய்க்கூட்டத்தைப் பிரிகிறது. உடல் பெருத்து வலிமை கொண்டாலன்றி இணை கிட்டாது. காட்டுப் புல்லினும் கதிரில் புரதம் மிகுதி. ஆகவே உயிரைப் பணயம் வைத்தேனும் அது வருகிறது. குட்டியுள்ள பிடிகள் பெரும்பாலும் ஒதுங்குகின்றன. 2019இல் வெளிவந்த ஆய்வொன்று தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைத் தனித்தனியே இனங்கண்டது. மனிதர் மிகுந்த விளைநிலப் பகுதிகளில் அவை ஆண்குழுக்களாகச் சேர்கின்றன என்பது அதன் முடிவு. இளையவை மூத்தவற்றிடம் வழியும் தந்திரமும் கற்கக்கூடும். எங்கள் கொல்லைக்கு வந்த மூவரும் அத்தகையோரே போலும்!

பிடிகள் வருவதே இல்லை என்பதன்று. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த குட்டிகள் இரண்டும் உயிர் தப்பி, அவ்வுடல்களைவிட்டு அகலாமல் சுற்றிச்சுற்றி நின்றன. அச்செய்தியை அண்ணனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. அன்று அத்தா பறித்து வைத்த கம்பிச்சுருள் இன்றும் எங்கள் மாட்டுக்கொட்டகையில் துருவேறிக் கிடக்கிறது.