மறையூர் ஏற்றமும் மெக்கானிக்கின் தீர்ப்பும்

பாலக்காட்டில் ரயில்வே எழுத்தராகப் பணியாற்றும் நாம், சென்ற தைத் திங்களில் மனைவி மக்களுடன் மூணாறு சென்று வந்தோம். உல்லாசப் பயணமன்று. தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராயிருக்கும் தங்கை கணவரின் இல்லத்தில் தங்கைக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் அவளை உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள தாய்வீட்டிற்கு அழைத்துவரும் பொறுப்பு நம்முடையது. அவளது பிரசவச் செலவுக்கென ஒதுக்கிய நாற்பத்தைந்தாயிரம் ரூபாயும் நம் கையில் இருந்தது.

உடுமலைப்பேட்டை வரை ரயில் உண்டு. மலையேறக் காரோ பஸ்ஸோதான். ஒரு காலத்தில் மூணாற்றிலும் ரயில் ஓடியது என்பதை நம் இலாகாவினரிலேயே பலர் அறியார். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய அச்சிறு ரயிலை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கொண்டுபோயிற்று. அது மட்டும் பிழைத்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையிராது.

நம் வண்டி பத்தாண்டுப் பழமையான சிறு பெட்ரோல் கார். பிறர் ஓட்டியதை வாங்கியது. புறப்படுமுன் மூன்று வாரம் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் அசையாது நின்றிருந்தது. பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் அது யாதொரு குறையும் காட்டவில்லை. சின்னாற்றுச் சோதனைச் சாவடி கடந்து, மழை மறைவுப் பகுதியின் முட்காட்டினூடே ஏறத் தொடங்கியதும் தளர்ந்தது. மிதியை அடிவரை அழுத்தினும் வேகம் கூடவில்லை. மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதற்கு இறங்கினோம். பின்னால் வந்த பஸ் ஒலியெழுப்பி, நம்மைத் தாண்டிச் சென்றது. மறையூரின் சந்தனக் காட்டையும், கரும்பு வயல்களையும், வெல்லம் காய்ச்சும் மணத்தையும் மக்களுக்குக் காட்ட எண்ணியிருந்தோம். அவ்வெல்லத்திற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையையும் சொல்ல நினைத்தோம். நம் காதோ எஞ்சினின் ஓசையிலேயே இருந்தது.

வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். சிறிது புகை வந்தது. "ரிங் போயிருச்சு சார். எஞ்சினைப் பிரிக்கணும். நாலு நாள் ஆகும், நாற்பதாயிரம் ஆகும்" என்றார்.

நம் மனம் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருப்பின் எண்ணெய் எரியும். புகைக்குழாயில் நீலப்புகை தோன்றும். எண்ணெய் மட்டமும் குறையும். நம் வண்டியில் இவை இல்லை. அதிகாலைக் குளிரிலும் உடனே உயிர்பெற்றது. பழைய எஞ்சினில் மூடியைத் திறந்தால் சிறிது புகை வருவது இயல்பே. அவர் அழுத்தமானி வைத்துச் சோதிக்கவுமில்லை. அது தம்மிடம் இல்லை என்றும் மறையாமல் கூறினார். ஆயினும் நமக்கு நம் அறிவிலும் முழு நம்பிக்கையில்லை. பணம் போகக்கூடாதென்னும் ஆசையே இவ்வாறு வாதிடுகிறதோ என்னும் ஐயம் எழுந்தது. "ஏங்க, கர்ப்பிணியை இதுல ஏத்தலாமா?" என்று மனைவி கேட்டதற்கு விடை கூற இயலவில்லை. மெதுவாகவே மூணாறு சேர்ந்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை மூணாற்றில் மற்றொரு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த முதியவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தினார். மூன்று சிலிண்டரிலும் முள் ஏறத்தாழ ஓரிடத்திலேயே நின்றது. "ரிங் நல்லாத்தான் இருக்கு" என்றவர், காற்று வடிகட்டிப் பெட்டியின் கிளிப்புகளைத் தளர்த்தி மூடியைத் தூக்கினார். உள்ளே சாக்குநாரும் பஞ்சும் வேப்பிலைச் சருகுமாக ஓர் எலிக்கூடு! வடிகட்டியின் பெரும்பகுதி அடைபட்டிருந்தது. சமவெளியில் மெல்லச் செல்லும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்றுப் போதும். ஏற்றத்தில் முழு மூச்சு தேவைப்படுகையில்தான் நெஞ்சடைப்பு வெளிப்பட்டது. புது வடிகட்டியும் கூலியுமாகச் செலவு அறுநூறு ரூபாய்.

வண்டி முற்றிலும் பழைய வேகத்தை அடைந்ததா எனின், அடையவில்லை. அதையும் முதியவரிடம் கேட்டோம். "அது மலையோட கணக்கு தம்பி" என்றார். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்குக் காற்று அடர்த்தி குன்றுவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலிமையை இழக்கிறது. அவ்வளவும் எந்தப் பட்டறையிலும் மீட்க முடியாத குறை. முந்தையநாள் தளர்ச்சியில் எலிக்கும் பங்கு, மலைக்கும் பங்கு.

வளைகாப்பு இனிதே நடந்தது. இறக்கத்தில் எஞ்சினின் வலிமைக்கு வேலையில்லை. இரண்டாம் கியரில் நிறுத்தி, பிரேக் சூடேறாமல் பார்த்துக்கொண்டோம். தங்கையின் வளையல்கள் ஒவ்வொரு வளைவிலும் ஒலித்தன. முதற் பட்டறையின் முன் நிறுத்தி நடந்ததைச் சொன்னோம். அவர் நாணவும் இல்லை, சினக்கவும் இல்லை. பெட்டியைத் தாமே திறந்து பார்த்துவிட்டு, "இந்த மாதிரி எத்தனையோ பழைய வண்டி, ரிங்னுதான் வரும். இதை முதல்ல திறந்திருக்கணும்" என்றார். தங்கைக்குக் குடிக்க இளநீர் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது கார் வேப்பமரத்தடியில் நிற்பதில்லை.