சட்டசபையில் ஒரு டாக்டர் அம்மையார்

என் அக்காவின் பிரசவத்தின்போது அரசு உதவிக்கான விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். ‘டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்’ என்று மேலே இருந்தது. யார் இந்த அம்மையார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதன்பின்தான் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தையார் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் பயிலும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரோ அனுமதி தந்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். (என் பாட்டி இதைக் கேட்டு, “கெட்டிக்காரி!” என்றார்.)

1926இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மருத்துவப் பணி கெடுமே என்று முதலில் தயங்கினாராம். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் அவரே. துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிப்பதே அவர் குறிக்கோள். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அக்குடும்பங்கள் பல, கோயில் பணிக்கென விடப்பட்ட மானிய நிலத்தை நம்பி வாழ்ந்தன. பணியை விட்டால் நிலமும் போகும். பின் எந்தத் தாய் மகளை விடுவிப்பாள்? அம்மையார் முயற்சியால் 1929இல் வந்த சட்டம், பணி செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்றாக்கியது. வயிற்றுப்பாட்டை முதலில் எண்ணிய அந்த அறிவை நான் மிகவும் மெச்சுகிறேன்.

அடுத்து, பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆனால் 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. “அவசரப்பட்டுவிட்டார், இருந்து நிறைவேற்றியிருக்கலாம்” என்கிறாள் என் தோழி. மனசாட்சி ஒன்று சொல்ல, நாற்காலி ஒன்று சொன்னால் எழுந்துவிடுவதே நேர்மை என்பேன் நான். ஆயினும் அந்தப் பதினேழு ஆண்டுகளில் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியரை நினைத்தால் என் வாதம் தளர்கிறது.

அவர் மட்டும் சும்மா இருக்கவில்லை. விடுதிகள் ஏற்க மறுத்த தேவதாசிக் குலப் பெண்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கும்வரை ஓயவில்லை. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு.