ஸ்ப்ளெண்டர்ல ஒரு நாலு நாள்

புல்லட் இல்லீங்க. ஹிமாலயன் இல்ல. நம்மகிட்ட இருக்கறது ஒரு பழைய ஸ்ப்ளெண்டர், 97 சிசி. அதுல ரெண்டு பேரு, ஒரு துணிப்பை, ஒரே ஒரு மழைக்கோட்டு (அதுவும் தங்கமணிக்கு). இத வச்சுக்கிட்டு மலை ஏறி இறங்கி கடலப் பாத்துட்டு வரப்போறோம்னதும் பக்கத்து வீட்டு மைனி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. :-)

போனது 2024 நவம்பர், தீபாவளி முடிஞ்ச கையோட. எங்க எம். புதுப்பட்டிப் பக்கம் தீபாவளிதான் வருஷக் கடைசி. பட்டாசு ஆபீசுக்கெல்லாம் லீவு. நான் உக்காந்திருக்கற லாரி புக்கிங் ஆபீஸ்லயும் ஈ ஓட்டணும். ஆனா ஊர் சுத்தற ஆசையில மட்டும் கிளம்பல.

தங்கமணி பதினெட்டு வயசுலருந்து சரம் பின்னுனவ. 2018ல சுப்ரீம் கோர்ட் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டதும் அந்த வேலை குறைஞ்சு போச்சு. அப்புறம் மருந்து அடைக்கிற ரூமுக்குப் போனா. 2023 அக்டோபர்ல பக்கத்துல ரெங்கபாளையத்துல வெடி விபத்து. பத்துப் பேருக்கு மேல போயிட்டாங்க, நிறையப் பேர் பொம்பளைங்க. மறுநாள்லருந்து இவ வேலைக்குப் போகல. ஏன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. ராத்திரில தெருவுல எவனாவது கதவ அறைஞ்சு சாத்துனா எந்திரிச்சு உக்காந்துக்குவா.

இந்தத் தீபாவளி முடிஞ்சதும் போர்மேன் வீட்டுக்கே வந்துட்டாரு. "பூஜை போட்டதும் வந்துரும்மா, அட்வான்ஸ் வேணா வாங்கிக்க"ன்னாரு. பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் பாக்கி. போகாதேன்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல, போன்னு சொல்ல மனசில்ல. "பாப்பாவ அத்தை வீட்டுல விட்டுட்டு எங்கயாச்சும் போயிட்டு வந்து முடிவு பண்ணுவோம்"னேன். அவ்வளவுதான் மேட்டர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரோட்டப் புடிச்சா கொல்லம் வரைக்கும் ஒரே ரோடு, என்எச் 744. வலது பக்கம் மலை கூடவே வரும். 2021லருந்து அது புலிகள் காப்பகம். அந்தப் பேரச் சொல்லி நான் கொஞ்சம் பயங்காட்டிப் பாத்தேன், தங்கமணி பால்கோவா பொட்டலத்த விட்டுத் தலைய நிமிரவே இல்ல. ராஜபாளையம், தென்காசி தாண்டி, ராத்திரி செங்கோட்டைல பரோட்டாவும் தூக்கமும்.

மறுநாள் புளியரை வயலெல்லாம் தாண்டி ஆரியங்காவு கணவாய். ரெண்டாவது கியர், சில இடத்துல முதல் கியர். ஒரு இடத்துல வண்டி ரொம்ப முக்கவும் இறங்கி நடக்கறேன்னுட்டா. "எம் மேல பாவப்பட்டா?"ன்னா, "வண்டி மேல"ங்கறா! கழுதுருட்டி பக்கத்துல பதிமூணு கண் பாலம். 1904ல மலையக் குடைஞ்சு போட்ட செங்கோட்டை-கொல்லம் மீட்டர்கேஜ் லைனோட பாலம். 2010ல நிறுத்தி, அகலப்பாதையாக்கி, 2018ல முழுசா திறந்தாங்க.

தென்மலை காட்டுக்குள்ள ஒரு ஓரமா வண்டிய நிறுத்தினேன். இஞ்சின் அணைஞ்சதும் அப்படி ஒரு அமைதி. "எவ்வளவு நல்லாருக்குல்ல?"ன்னேன். அவ கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னா: "சத்தம் வரப்போகுது, வரப்போகுதுன்னே ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேங்க. இங்க வந்தும் அப்படித்தான் இருக்கு." எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்தேன்.

புனலூர்ல 1877ல கட்டி முடிச்ச தொங்குபாலத்துல நடந்துட்டு, கொல்லத்துக்கு முன்னால ஒரு டீக்கடை. பெஞ்சுல ஒரு அம்மா. விரலெல்லாம் கருப்பா, நகம் வரைக்கும் கறை. அண்டி ஆபீஸ்ல, அதாங்க முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துல, வேலையாம். ஓட்டுல இருக்கற எண்ணெய் தோலையே பொத்துப்போக வச்சிருமாம். அவங்க மலையாளம், இவ நம்மூர்த் தமிழு. எப்படித்தான் புரிஞ்சதோ, அரை மணி நேரம் பேசுனாங்க. தங்கமணி தன் கையை விரிச்சுக் காமிச்சு, "எங்க ஆபீஸ்ல வேற கலரு. அலுமினியப் பவுடரு, வெள்ளியா மின்னும். இப்பப் போயிருச்சு"ன்னா. அந்தம்மா இவ உள்ளங்கையைத் தடவிப் பாத்துட்டு, "நல்ல கை"ன்னாங்க.

சாயங்காலம் தங்கசேரி கலங்கரை விளக்கம் (1902ல கட்டினது). கீழ பாறைல அலை அடிக்கிற சத்தத்துல நான் பேசறதே கேக்கல. தங்கமணி அசையவே இல்ல. "இந்தச் சத்தம் பயமா இல்ல. அடுத்தது எப்ப வரும்னு தெரியுதுல்ல"ன்னா.

மூணாம் நாள் திருவனந்தபுரம் டிராபிக்ல மாட்டி, நாகர்கோவில்ல பஞ்சர் ஒட்டி, கன்னியாகுமரி. 133 அடி வள்ளுவர். 2000 ஜனவரி 1ல திறந்தப்ப டிவில பாத்தது, இப்பத்தான் நேர்ல. விவேகானந்தர் பாறைக்குக் கண்ணாடிப் பாலம் போட்டுக்கிட்டிருந்தாங்க (டிசம்பர் 30ல திறந்துட்டாங்க). நாலாம் நாள் ஆரல்வாய்மொழிக் காத்து ஸ்ப்ளெண்டரைப் பக்கவாட்டுல தள்ளுது, காத்தாடியெல்லாம் எங்களப் பாத்துச் சிரிக்குது. திருநெல்வேலி தாண்டி, கோவில்பட்டில பாப்பாவுக்குக் கடலைமிட்டாய் வாங்கினோம்.

சாத்தூர்கிட்ட வரும்போது பின்னாடி இருந்து காதுல சொன்னா. "மருந்து ரூமுக்கு இனிமே போகமாட்டேங்க. சிவகாசில காலண்டர் பைண்டிங்குக்குக் கேக்கப்போறேன். கூலி கம்மிதான்." "சரி"ன்னேன். "நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?"ன்னா. ஹெல்மெட்டுக்குள்ள இருந்ததால பதில் சொல்லாம தப்பிச்சேன். ஆனா அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிக்குது.

இப்ப பைண்டிங்குக்குத்தான் போறா. கையில பசை ஒட்டிக்கிட்டு வரா. பீஸை மூணு தவணையாக் கட்டினோம். கதவ அறைஞ்சு சாத்துனா இன்னும் முழிப்பு வருது, ஆனா திரும்பப் படுத்துக்கறா.

அடுத்தது தனுஷ்கோடியாம், உத்தரவு வந்தாச்சு. இந்தத் தடவை மழைக்கோட்டு ரெண்டு! :-)