குறை கண்ட மனு

35 வருடம் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் அடுத்தவர் மனுக்களில் குறை கண்டுபிடித்தவன் நான். போன மாதம் என் மனுவில் குறை கண்டார்கள்.

மனைவி போனபின் வீடு அடங்கிவிட்டது. கைவிடப்பட்ட சின்ன நாய்களுக்கு வீடு தேடித் தரும் இளைஞர்களிடம் ஒரு குட்டி கேட்டேன். சம்பளம் கிடையாது. ஒருவர் கண்டெடுப்பார், இன்னொருவர் தன் வீட்டில் வைத்திருப்பார், வேறொருவர் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் தூக்கிப் போவார். இருவர் வந்து என் மொட்டைமாடிச் சுவர், கேட்டின் இடுக்கு வரை பார்த்தார்கள்.

"ஐயா, பொமரேனியன் 14 வருஷம்கூட இருக்கும். உங்களுக்கு 74..." அந்தப் பெண் இழுத்தாள். கோபம் வந்தது. கணக்கு என்னவோ சரிதான்.

"8 வயசுல ஒண்ணு இருக்குங்க. குட்டி போடறதுக்குன்னே வச்சிருந்து, ஓய்ஞ்சதும் விட்டுட்டாங்க. யாரும் கேக்கல."

படிவத்தில் ஒரு நிபந்தனை: என்னால் முடியாமல் போனால் நாய் அவர்களிடமே திரும்ப வேண்டும். எனக்கே அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. கையெழுத்துப் போட்டேன்.

பாதிப் பல் இல்லை; சோற்றைக் குழைத்து வைக்கிறேன். பிஜு என்று பெயர் வைத்தேன். பள்ளியில் படித்த பிரெஞ்சில் நகை. கூப்பிட்டால் வருவதில்லை. ராத்திரி மட்டும் கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொள்கிறது.