நண்பகல் முறை



கொடுக்கக் கூடாத ஒரு வாக்கை நான் ஒரு தாயாருக்குக் கொடுத்தேன். இத்தனை நாளும் அதைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் கூச்சமே காரணம். தாயும் மகனும் அனுமதி தந்துவிட்டபடியால், பெயர்களைத் தவிர்த்து இவ்வாரம் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலை மாதத்தில் ஓர் இரவு. தியாகராய நகரில் துணிக்கடை வேலையை முடித்து, இருசக்கர வாகனத்தில் மயிலாப்பூர் திரும்பிக்கொண்டிருந்த மகன்மீது லாரி மோதியது. முழங்காலுக்குக் கீழே, டிபியா என்னும் பெரிய எலும்பில் 8 சென்டிமீட்டர் இல்லாமற்போயிற்று. சில துண்டுகள் சாலையிலேயே போயின. மண் கலந்து உயிரற்றுக் கிடந்தவற்றை மருத்துவர்கள் அகற்ற வேண்டியதாயிற்று.

அன்றிரவே மருத்துவர் எங்களை உட்காரவைத்து ஒரு மதிப்பெண்ணைச் சொன்னார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2006-இல் மருத்துவ இதழில் வெளியிட்ட அளவுகோல் அது. தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்குத் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். நிலைமையை மோசமாக்கும் பிற குறைகளுக்குத் தனிக்கணக்கு. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ஐத் தொட்டால் அகற்றுவதே நல்லது. இந்தத் தம்பிக்கு வந்தது 15. அந்த இடத்தில் எண் முடிவு சொல்லாது. மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. காலை எடுத்துவிட்டுச் செயற்கைக்கால் பொருத்தினால் சில மாதங்களில் வேலைக்குப் போகலாம். காப்பாற்றுவதானால் ஓராண்டுக்கு மேல் ஆகும். பல அறுவை சிகிச்சைகள். கடைசியில் எடுக்கவேண்டியும் வரலாம். எலும்புப் புற்று வந்தவர்களுக்கு நம் சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் உலோக எலும்பு பொருத்திக் கால்களைக் காத்தவர் என்று படித்திருந்த நினைவில், இங்கும் அப்படிச் செய்யலாகாதா என்று கேட்டேன். அழுக்கேறிய புண்ணில் உலோகம் கிருமிக்குக் குடியிருப்பாகிவிடும் என்றார்.

அந்தத் தாயார் என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க சொல்லுங்க" என்றார். நான், "காலை எடுக்க வேண்டாம் அம்மா, கிறிஸ்துமஸுக்குத் தம்பி ஆலயத்துக்கு நடந்து வருவார்" என்றேன். போதாக்குறைக்கு அடுத்த ஞாயிறு எசேக்கியேல் 37-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கித்தேன். அந்தப் பள்ளத்தாக்கின் எலும்புகள் சிறையிருப்பிலிருந்த ஒரு ஜனத்தைக் குறிப்பவை என்பது இறையியல் கல்லூரியில் முதலாண்டிலேயே எனக்குக் கற்பிக்கப்பட்டது. தெரிந்தே அதை ஒரு பையனின் காலுக்குப் பொருத்தினேன்.

மருத்துவர்கள் எசேக்கியேல் கண்ட வரிசைக்கு நேர்மாறாக வேலை செய்தார்கள். முதலில் தசையும் தோலும் கொண்டு புண்ணை மூடினார்கள். தொற்று அடங்கியபின், அக்டோபரில், எலும்பின் முறை வந்தது. காலைச் சுற்றி உலோக வளையங்கள். அவற்றிலிருந்து எலும்பை ஊடுருவும் கம்பிகள். இலிசரோவ் முறை என்பார்கள். மேற்பகுதியில் நல்ல எலும்பையே குறுக்கே வெட்டி, ஒரு வாரம் விட்டுவைத்து, அந்தத் துண்டை நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் கீழ்நோக்கி நகர்த்துவார்கள். அது விட்டுச்செல்லும் இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிறது.

சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களில் கவ்ரீல் இலிசரோவ் என்ற மருத்துவர் இம்முறையை வளர்த்தெடுத்தார். எலும்பை இறுக்கி ஒட்டவைக்க அவர் பொருத்திய நட்டை ஒரு நோயாளி எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட, விலகிய இடைவெளியில் புது எலும்பு இருக்கக் கண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். பின்னர் நாய்களில் அவர் செய்த சோதனைகளில் தெரிந்தது இது: அரை மில்லிமீட்டர் வேகத்தில் இழுத்தால் எலும்பு முன்னதாகவே இறுகிவிடலாம், 2 மில்லிமீட்டர் இழுத்தால் எலும்பு சரியாக உருவாகாது. ஒன்றுதான் ஏற்றது, அதுவும் பல சிறு பங்குகளாகப் பிரித்து.

அந்தச் சட்டத்தின் மறையில் ஒரு முழுச் சுற்று 1 மில்லிமீட்டர். ஆகவே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்தாம் எண் ஸ்பேனரால், கால் சுற்று. காலையும் மாலையும் இரவும் தாயார் பார்த்துக்கொண்டார். பகலில் அவர் தியாகராய நகரில் தையல் வேலைக்குப் போயாக வேண்டும். நண்பகல் முறைக்கு ஆள் இல்லை. கச்சேரி சாலைக்குப் பின்னாலுள்ள அந்தச் சந்து என் வீட்டுக்கு அருகில்தான். நான் போனேன்.

நட்டுகளில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தார்கள், கணக்குத் தவறாமலிருக்க. இரண்டாம் நாள் நானும் எதிர்ப்பக்கமாகத் திருப்பினேன். "பாஸ்டர், அந்தப் பக்கம் இல்ல!" என்று தம்பி அலறினார். கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை, திருத்திக்கொண்டோம். திருப்பியபின் கம்பி தோலில் நுழையும் இடங்களை உப்புநீரால் துடைக்க வேண்டும். முதல் வாரம் ஜெபித்துவிட்டுத் திருப்பினேன். பிறகு பேசிக்கொண்டே திருப்பினேன். சில நாட்கள் ஒன்றும் பேசவில்லை.

8 சென்டிமீட்டருக்கு 80 நாட்கள். கிறிஸ்துமஸ் நண்பகலில், ஆராதனை முடிந்த அங்கியோடு, அந்தச் சந்தில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு வானொலியில் மார்கழிக் கச்சேரி. தம்பி கட்டிலில் கால் நீட்டியிருந்தார். நான் சொன்ன நாள் அதுவென்று மூவருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பேசவில்லை.

ஜனவரியில் துண்டு கீழெலும்பைத் தொட்டது. தொட்ட இடம் ஒட்டுவதற்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்தார்கள். அதன்பின் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. இறுகும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பு. அதுவே கொடியது. மார்ச்சில் ஒரு கம்பியைச் சுற்றிச் சீழ் வைத்தபோது, "எடுத்துடச் சொல்லுங்க பாஸ்டர், எனக்குப் போதும்" என்றார் தம்பி. இம்முறை நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. 1964-இல் உயரம் தாண்டுதலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் 1968-இல் இலிசரோவிடம் போன கதையைச் சொன்னேன். "திரும்பத் தாண்டினாரா?" என்றார். "2 மீட்டருக்கு மேல் தாண்டினார். ஆனால் தம் பழைய சாதனையான 2.28-ஐ மீண்டும் எட்டவில்லை" என்றேன். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதற்கு எனக்குத் துணிவு தேவைப்பட்டது. சிறிது நேரம் கழித்து, அடையாறு பிசியோதெரபிக்கு மறுநாள் ஆட்டோ சொல்லச் சொன்னார்.

சட்டத்தைத் தாங்கிய காலுக்கென்று தாயார் ஒருபக்கம் பிரித்து ஒட்டும் கால்சட்டை தைத்திருந்தார். அதை அணிந்துகொண்டு, ஆட்டோவில் காலை நீட்டியபடி, திரு.வி.க. பாலத்தைக் கடந்து வாரம் மூன்று முறை போய்வந்தார். நவம்பரில் வளையங்களைக் கழற்றினார்கள். கணுக்கால் முழுதாக மடங்குவதில்லை. கால் சற்றுக் குட்டை. செருப்பில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்.

அந்த டிசம்பரில் தாயாரிடம் போய், "அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அம்மா, என்னை மன்னியுங்கள்" என்றேன்.

தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "கிறிஸ்துமஸ்னுதானே ஐயா சொன்னீங்க. எந்த வருஷம்னு சொல்லலியே." பின்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "ஆனா அன்னைக்கு ராத்திரி நீங்க தெரியலன்னு சொல்லியிருந்தா, நான் டாக்டர்கிட்ட இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்" என்றார்.

ஸ்பேனர் அந்த இயந்திரத்தின் இழுப்பறையில், பாபின்களுக்கு நடுவே கிடக்கிறது.